பி.காம். படித்தவர் பள்ளி ஆசிரியர் ஆக: மறுபடி பி.ஏ.வா, நேராக எம்.ஏ.வா?

கேள்வி: பி.காம். முடித்து, மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். வயது 29. அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை ஆக ஆசை. எந்தப் பட்டம் இருந்தாலும் எம்.ஏ. ஆங்கிலம் சேரலாம், இரண்டே வருடம் என்கிறார்கள். திரும்பவும் பி.ஏ. படிக்க வேண்டுமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: துறை மாற நினைப்பவர்களிடம் பொதுவாக நான், இன்னொரு இளங்கலை வேண்டாம் என்றுதான் சொல்வேன். கம்ப்யூட்டர் பக்கம் போக எம்.சி.ஏ. இருக்கிறது, அதுவும் இப்போது இரண்டு வருடம்தான். ஆனால் அரசுப் பள்ளி வேலைக்குக் கணக்கே வேறு.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு இளங்கலையில் படித்த பாடம்தான் முக்கியம். அதோடு பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி. பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.காம்., எம்.ஏ. ஆங்கிலம் என்று போனால் அதற்குப் பெயர் 'கிராஸ் மேஜர்'. டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்கூடச் சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் இதனால்தான் திரும்பி வருகிறார்கள். எம்.ஏ.வை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் தனியார் பள்ளிகள் உண்டு. நீங்கள் கேட்டது அரசு வேலை.

ஆகவே ஆங்கிலம்தான் என்றால் பி.ஏ. தவிர்க்க முடியாது: அது மூன்று வருடம், பி.எட். இரண்டு, அப்புறம் டெட். 'ஒரே வருடத்தில் இன்னொரு டிகிரி' என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். அப்படி வாங்கிய இரட்டைப் பட்டங்கள் ஆசிரியர் பதவி விஷயத்தில் நீதிமன்றம் வரை போயும் செல்லுபடியாகவில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எம்.காம். போவேன். வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம்; பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வணிகவியலில் பி.எட். சேர எப்படியும் எம்.காம். கேட்பார்கள். மொத்தம் நான்கு வருடம். முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் தேவையில்லை, டிஆர்பி தேர்வு மட்டும்தான். கடையில் பேரேடு எழுதிய கை, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பற்று வரவு சொல்லிக்கொடுக்கத் தடுமாறாது. ஆங்கில ஆசை அவ்வளவு ஆழம் என்றால் சரி, ஒரு வருடம் கூடுதலாகப் போகட்டும்.

எந்த வழியில் போனாலும் பி.எட். கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும், தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான். அந்த இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் வீடு ஓடுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.