வீட்டில் அவசரத்துக்கு என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

சாமான் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஏற்கெனவே ஒரு பெட்டி வைத்திருந்தீர்கள் என்றால், முதலில் இன்றைக்கு ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அதைத் தேடி எடுத்துத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை, அதனால் பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நல்ல மழை, கரண்ட் போய் இரண்டு மணி நேரம் இருக்கும். அம்மா இருட்டில் தண்ணீர் குடிக்கப் போய், கண்ணாடி டம்ளர் கை தவறி உடைந்து, சில்லைப் பொறுக்கும்போது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்துக்கொண்டார். பெட்டி இருந்தது. ஆனால் அலமாரியின் மேல்தட்டில், நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும். டார்ச்சை அழுத்தினால் எரியவில்லை; மூடியைத் திருகிப் பார்த்தால், பல மாதமாக உள்ளேயே கிடந்த பேட்டரி கசிந்து ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. பிளாஸ்திரிச் சுருளில் பசை காய்ந்து, ஒட்டினால் அப்படியே உதிர்ந்து விழுந்தது. கத்தரிக்கோலை எப்போதோ எதற்கோ எடுத்தவர்கள் திரும்ப வைக்கவில்லை. கடைசியில் போன் வெளிச்சத்தில் காயத்துக்குள் சில்லு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, துவைத்து மடித்திருந்த ஒரு துண்டை வைத்துக் கெட்டியாக அழுத்திப் பிடித்தேன். "ஒண்ணுமில்லப்பா, விடு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், துண்டு நனைந்துகொண்டே இருந்தது.

அப்போது ஒரு விஷயம் தெரிந்திருந்தது பெரிய உதவி: ரத்தம் நின்றதா என்று நடுவில் துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. தூக்கினால் உறைய ஆரம்பித்ததும் சேர்ந்து பிய்ந்துவிடும். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து, விடாமல் 10 நிமிடமாவது அழுத்த வேண்டும். கண்ணாடியோ ஆணியோ குத்தி உள்ளேயே நின்றால் மட்டும் பிடுங்காமல், நேராக அதன் மேல் அழுத்தாமல், இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு அன்றைக்கே தையல் போட வேண்டியிருந்தது.

அதனால் இப்போது எங்கள் பெட்டி வாசல் கதவை ஒட்டி, இடுப்பு உயரத்தில் இருக்கிறது. டார்ச் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது, பேட்டரியை உள்ளே போடாமல் ஒரு சின்னக் கவரில் டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம். இருட்டில் போட இன்னும் அரை நிமிடம் ஆகும், பரவாயில்லை, நிச்சயம் எரியும். பாத்ரூமிலும் அடுப்புக்கு மேலும் மட்டும் பெட்டியை வைக்காதீர்கள், ஈரத்திலும் சூட்டிலும் மருந்து சீக்கிரம் கெடும்.

பெட்டிக்குள் முக்கியமானது கட்டுத்துணிதான், அதுவும் நிறைய. கடையில் ரெடிமேடாக விற்கும் பல பெட்டிகளில் சின்னச் சின்ன ஒட்டுப் பிளாஸ்திரிதான் நிறைந்திருக்கும், பெரிய காயத்துக்கு அது எதற்கும் ஆகாது. தனித்தனியாகக் கவரில் வரும் காஸ் துணி, சுருள் பேண்டேஜ், சுளுக்குக்கு ஒரு கிரேப் பேண்டேஜ், பிளாஸ்திரிச் சுருள், துணியையும் வெட்டக்கூடிய கத்தரிக்கோல், முள்வாங்கி, ஊக்கு, தெர்மாமீட்டர், கையுறை. ரப்பர் கையுறை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, நைட்ரைல் கையுறையாக வாங்குங்கள். பஞ்சைத் திறந்த காயத்தில் நேராக வைக்காதீர்கள், இழை உள்ளே ஒட்டிக்கொண்டு பிறகு எடுக்க முடியாது. காயத்தைக் கழுவ ஓடுகிற சுத்தமான தண்ணீர் போதும்.

தீக்காயத்துக்கு என்ன களிம்பு வாங்குவது என்று நிறையப் பேர் கேட்பார்கள். முதலில் வேண்டியது களிம்பே இல்லை, தண்ணீர். சுட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். அப்புறம் ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும். முகம், கை, மூட்டு, அல்லது உள்ளங்கையைவிடப் பெரிய இடம் என்றால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மருந்தில் பாரசிட்டமால், ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பொடி) பாக்கெட், அப்புறம் வீட்டில் யாராவது தினமும் சாப்பிடுகிற மாத்திரை குறைந்தது ஒரு வாரத்துக்கு. இந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் மறப்பார்கள், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கிறவருக்கு வழி அடைபட்டு நாலு நாள் கடைக்குப் போக முடியாவிட்டால் அதுதான் பெரிய ஆபத்து. குழந்தைகளுக்கும் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் தரவே கூடாது. ஓஆர்எஸ் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கெடுதல், கண்ணளவில் போடாமல் அளந்தே போடுங்கள்.

தண்ணீர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர், குறைந்தது 3 நாளைக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 48 லிட்டர் ஆகிறது, அதனால் எங்கே வைப்பது என்பதை முன்பே யோசிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் சந்தேகம் வந்தால் நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் கிருமி செத்துவிடும். 2000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர் என்றால் 3 நிமிடம். ரசாயனம் கலந்திருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை.

உணவு, சமைக்காமலே சாப்பிடக்கூடியதாக, வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதாகவே இருக்கட்டும், டப்பா உணவு என்றால் திறப்பானும் கூடவே வேண்டும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் வரை தாங்கும்.

இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்: ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் வைத்து ஓட்டவோ எரிக்கவோ கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போய்விடுவார்கள். புயலைத் தாங்கிய வீடுகளில்கூட அதற்குப் பிறகு இதனால் உயிர் போயிருக்கிறது.

அடையாள அட்டை, மருத்துவச் சீட்டு இவற்றின் நகல், சில்லறையாகக் கொஞ்சம் பணம், ஒரு விசில், சார்ஜ் போட்ட பவர் பேங்க், எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில். போன் அணைந்துவிட்டால் சொந்த மகனின் நம்பரே நினைவுக்கு வராது, எனவே நம்பர்களைத் தாளில் எழுதுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கத்தில் நாங்கள் ஒட்டியிருக்கும் தாளில் ஆம்புலன்ஸ் எண், ஒவ்வொருவருக்கும் ஒத்துக்கொள்ளாத மருந்து, மெயின் சுவிட்சும் கேஸ் வால்வும் இருக்கும் இடம், எந்த மருந்து எந்த மாதம் காலாவதி என்பது எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தத் தாளை வைத்துக்கொண்டு அம்மாதான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார், பிளாஸ்திரியை ஒரு துண்டு கிழித்து, தன் கையில் ஒட்டியே பார்த்துவிடுவார்.