பதிவேடுகளின் ஸ்கேன்: டாரை எதற்கு வைப்பது, ரெஸ்டிக்கை எதற்கு வைப்பது?

டர்பனில் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கோயில் சபையின் திருமணப் பதிவேடுகள், தமிழ்ப் பள்ளி வருகைப் புத்தகங்கள், 1860-க்கும் 1911-க்கும் இடையில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் குடும்பத்தார் தந்த காகிதங்கள் என ஸ்கேன் செய்து 400 ஜிபி சேர்த்திருக்கிறார். லினக்ஸ் லேப்டாப்பில், பல ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டும் டார் கட்டளையை வைத்து ஒரு முழு பேக்கப், பிறகு வாராவாரம் மாறியதை மட்டும் எடுக்கும் (இன்கிரிமென்டல்) பேக்கப். எல்லாம் ஒரே வெளி ஹார்ட் டிஸ்க்கில். அவர் கேட்பது இரண்டு: கரண்ட் போய்ப் பாதியில் நின்றால் என்ன செய்வது? ஜோகன்னஸ்பர்க்கில் தம்பி வீட்டில் இன்னொரு நகல் வைக்க எது நல்ல வழி?

முதலில் கரண்ட். பாதியில் நின்ற டார் ஃபைலை நம்பாதீர்கள். அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். லினக்ஸில் உள்ள குனு டார், எது எப்போது மாறியது என்பதை ஒரு ஸ்னாப்ஷாட் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் அந்தச் சிறு ஃபைலை நகலெடுத்து வையுங்கள். தடைப்பட்டால் அந்த நகலிலிருந்தே மறுபடி தொடங்கலாம். அப்புறம், டிஸ்க்கை எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி போனாலே பெரிது. அந்த வேகத்தில் 400 ஜிபிக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். மின்வெட்டுக்கு நடுவில் அது முடிவது கடினம்.

ஆனால் எனக்குக் கவலை தருவது கரண்ட் அல்ல, உங்கள் வாராந்தரச் சங்கிலி. கணக்கு வழக்கு ஃபைல்கள் அடிக்கடி மாறும். பல வாரங்களின் பேக்கப்பிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். ஸ்கேன் அப்படியல்ல. ஒருமுறை வந்தால் பிறகு மாறாது. அதனால் ஒவ்வொரு படமும் ஒரே ஒரு வாரத்து டார் ஃபைலில் மட்டுமே இருக்கிறது. அந்த ஒரு ஃபைல் கெட்டால் அந்த வாரத்துப் பக்கங்களுக்கு டிஸ்க்கில் வேறு நகலே இல்லை. ஜிசிப் என்ற சுருக்கும் மென்பொருளால் சுருக்கியிருந்தால் இன்னும் மோசம்: நடுவில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பிறகு உள்ளதைச் சாதாரண வழியில் திறக்க முடியாது. ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஜிசிப்பால் உங்களுக்கு லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. விட்டுவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இன்கிரிமென்டல் முறையில் எடுத்ததை அதே முறையில் விரிக்கும்போது, பேக்கப் எடுத்த நாளில் அந்த ஃபோல்டரில் இல்லாத ஃபைல்களை டார் அழித்துவிடும். அன்றைய நிலையை அப்படியே கொண்டுவருவதுதான் அதன் வேலை. எனவே எப்போதும் ஒரு காலி ஃபோல்டரில்தான் விரிக்க வேண்டும், முழு பேக்கப்பில் தொடங்கி வரிசை மாறாமல்.

வாராந்தர வேலைக்கு நான் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளைச் சொல்வேன். அதுவும் திறந்த மூல மென்பொருள்தான், டெர்மினலில்தான் ஓடும். ஃபைல்களைச் சராசரியாக ஒரு எம்பி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே உள்ள துண்டைத் திரும்ப எழுதாமல் விட்டுவிடும். எந்த நாளின் ஸ்னாப்ஷாட்டை (அன்றைய நிலையை) கேட்டாலும் முழுதாக எடுத்துத் தரும். வரிசையாக விரிக்கும் தொல்லை கிடையாது. பாதியில் கரண்ட் போனாலும் திரும்ப ஓட்டினால் முன்பு எழுதியதில் பெரும்பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளும். நின்றுபோன ஓட்டத்தின் பூட்டு மிச்சமிருப்பதாகச் சொன்னால் அன்லாக் கட்டளை போதும். ஆனால் ஒரே துண்டைப் பல ஸ்னாப்ஷாட்கள் பகிர்ந்துகொள்வதால், அந்தத் துண்டு கெட்டால் எல்லாவற்றுக்கும் அடி. மாதம் ஒருமுறை செக் கட்டளையை, தரவு முழுவதையும் படித்துப் பார்க்கும் விருப்பத்தோடு ஓட்டுங்கள். இரண்டாவது நகல் எப்படியும் வேண்டும்.

அது ஏன் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று டர்பன்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசுலு-நட்டாலில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் லேப்டாப்பும் பக்கத்திலிருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தேதான் போகும்.

400 ஜிபியை இணையத்தில் முதல் தடவை அனுப்பாதீர்கள். நொடிக்கு 25 மெகாபிட் அப்லோடு முழு வேகத்தில் கிடைத்தாலும் ஒன்றரை நாள் ஓடும். ரெஸ்டிக் சேமிப்பகம் என்பது வெறும் ஒரு ஃபோல்டர்தான். அதை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, யாராவது என்-3 சாலையில் ஜோகன்னஸ்பர்க் போகும்போது கொடுத்துவிடுங்கள். தம்பி அதைத் தன் கணினியில் மாட்டிய பிறகு, எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான ஃபைல் அனுப்பும் முறை வழியாகப் புதியது மட்டும் போகும். அவர் வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து இணைப்பை அனுமதிக்கவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு டிஸ்க் வைத்து, தீபாவளிக்கும் சித்திரைக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்துதான், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான் வைக்கும். கடவுச்சொல் தொலைந்தால் திறக்க வேறு வழியே கிடையாது. காகிதத்தில் எழுதி, தம்பியிடம் ஒன்று, சபைச் செயலாளரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள்.

டாரைக் கைவிடச் சொல்லவில்லை. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. இன்றும் எந்த லினக்ஸ் கணினியிலும் அதைத் திறக்கலாம். ஒரு பதிவேடு முழுதும் ஸ்கேன் ஆகிச் சரிபார்த்து முடிந்ததும், அதைச் சுருக்காமல், மறையாக்கம் செய்யாமல், தனி டார் ஃபைலாக்குங்கள். இன்கிரிமென்டல் எல்லாம் இங்கே வேண்டாம். ஃபைல் சிறிது மாறினாலும் காட்டிக்கொடுக்கும் ஷா-256 மதிப்புகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்த டிஸ்க்கைச் சபையின் பெட்டகத்தில் வைத்தால், நீங்களும் நானும் இல்லாத காலத்தில் கொள்ளுத் தாத்தாவின் பெயரைத் தேடி வருகிற பிள்ளைக்குக் கடவுச்சொல்லோ ரெஸ்டிக்கோ தேவைப்படாது. ஆண்டுக்கு ஒருமுறை அந்த மதிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒத்துவராவிட்டால் ஜோகன்னஸ்பர்க் நகலிலிருந்து அந்தப் படத்தை மீட்டெடுத்து, டாரைப் புதிதாகக் கட்டுங்கள்.