இரண்டு மாநகராட்சிகளின் செலவையும் பணியாளர் எண்ணிக்கையையும் எப்படி ஒப்பிடுவது?

சென்னை, கோவை மாநகராட்சிகள் மக்களில் ஒருவருக்குச் செய்யும் சராசரிச் செலவை வரவு செலவுத் திட்டங்களை மட்டும் வைத்து ஒப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978இல் உருவான தனி வாரியத்தின் பொறுப்பு. கோவையிலோ குடிநீர் விநியோகம் மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆகவே, வாரியத்தின் செலவையும் ஆட்களையும் சென்னையோடு சேர்க்க வேண்டும், அல்லது கோவைக் கணக்கிலிருந்து அந்தப் பணிகளைக் கழிக்க வேண்டும்.

பணியாளர் எண்ணிக்கையில் சிக்கல் இன்னும் கூடுதல். தூய்மைப் பணி ஒப்பந்த நிறுவனத்திடம் போய்விட்டால், அதே தெருவை அதே கைகள் பெருக்கினாலும், அவர்கள் ஊழியர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்கள். ஊதியமாக இருந்த தொகை ஒப்பந்தச் செலவு என்ற தலைப்புக்கு மாறிவிடும். அதைச் சிக்கனம் என்று எழுதுவது அந்தத் தொழிலாளர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களையும் நிரப்பப்பட்டவற்றையும் தனித்தனியே பாருங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. 2011 எல்லை விரிவாக்கத்தில் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக வளர்ந்தது. அதற்கு முந்தைய தொகைகளை அப்படியே அருகில் வைக்க முடியாது. மதிப்பீட்டை விட்டுவிட்டு, தணிக்கை முடிந்த உண்மைச் செலவையே எடுத்துக்கொள்ளுங்கள்.