ஆட்கள் வந்து போகும் பண்ணை: வாசகர் கேள்வி பதில்

குடும்பப் பண்ணையை வெளியாட்களுக்குத் திறந்துவிட்டவர்களும், திறக்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, சனி ஞாயிறுகளில் எங்கள் பண்ணையைச் சுற்றிப் பார்க்க ஆட்களை விடுகிறோம். அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. யாராவது வரப்பில் நின்று போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

சம்மதிக்க வைக்கும் வேலையை விடுங்கள். அவர் முகத்தைத் திருப்புவதற்குக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். ஈர மண்ணில் கூட்டமாக நடந்தால் மண் இறுகும், பாத்தி ஓரத்துச் செடி மிதிபடும், கேட்டைத் திறந்தவர் மூடமாட்டார், மாடு வெளியே போய் நிற்கும். இதையெல்லாம் சரிசெய்வது யார்? அவர்தான்.

அதனால் எந்தப் பகுதியை எப்போது திறப்பது என்ற முடிவை அவர் கையில் கொடுங்கள். மருந்து அடித்த பாத்திக்குள் லேபிளில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை யாரும் நுழையக்கூடாது, கன்று போட்ட மாட்டின் பக்கம் போகக்கூடாது, இந்த வாரம் இந்த மூலை மூடல் என்றெல்லாம் அவரே சொல்லட்டும். ஒரு பகுதி எப்போதும் அவருக்கு மட்டும்தான் என்று இருக்கட்டும். பண்ணைச் சுற்றுலாவுக்கென்றே 1985-ல் சட்டம் போட்ட நாடு இத்தாலி. விவசாயம்தான் முதன்மைத் தொழில், ஆட்களைத் தங்கவைப்பதெல்லாம் அதற்குத் துணை என்பது அதன் அடிப்படை. 2006-ல் புதுச் சட்டம் வந்தபோதும் அதை விடவில்லை. உங்கள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வதும் ஏறக்குறைய அதையேதான்.

கேள்வி: 'சும்மா சுற்றிப் பார்க்கத்தானே, இதற்குப் போய்க் காசா?' என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வாய் வருவதில்லை. எவ்வளவு வாங்குவது?

பக்கத்துப் பண்ணையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்துப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். ஒரு நோட்டில் மணி நேரத்தை எழுதுங்கள். ஒரு குழு 4 மணி நேரம் இருக்கிறது, வீட்டில் 2 பேர் கூடவே நிற்கிறீர்கள், அது 8 மணி நேரம். வருவதற்கு முன்னால் கூட்டிப் பெருக்க 2, போன பிறகு குப்பை பொறுக்க, கழிப்பறை கழுவ 2, போனில் வழி சொல்லி, நேரம் மாற்றி, மறுபடி மாற்றி 1. ஆக 13 மணி நேரம். வெளியாள் ஒருவர் அத்தனை மணி நேரம் வேலை செய்தால் என்ன கூலி கொடுப்பீர்கள்? அதுதான் அடி மட்டம். அதற்கு மேல் தண்ணீர், மின்சாரம், தேய்மானம், இன்ஷூரன்ஸ், அப்புறம் லாபம். வந்தவர் பார்ப்பது நிலத்தை, ஆனால் செலவாவது உங்கள் வீட்டு ஆட்களின் நேரம்.

அட்வான்ஸ் வாங்குங்கள். வராமல் போனால் திருப்பித் தரமாட்டோம் என்பதை முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். 'சும்மா பார்க்கத்தானே' என்று கேட்பவருக்கு, 'கூட ஒருவர் வந்து விளக்குவார், அவருடைய நேரத்துக்குத்தான் இந்தக் கட்டணம்' என்று சொன்னால் போதும். அதன் பிறகும் பேரம் பேசுபவர் வராமல் இருப்பதே உங்களுக்கு நல்லது. ஒரு விஷயம், சொந்தக்காரர்களும் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் இலவசமாக வருவதற்கு வருஷத்தில் ஒரு நாளை ஒதுக்கி எல்லோரையும் அன்றைக்கே கூப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து வருபவர்களைவிட இவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

கேள்வி: அண்ணன் நிலத்தைப் பார்க்கிறார், நானும் என் மனைவியும் வருகிறவர்களைப் பார்க்கிறோம். வரவெல்லாம் ஒரே கணக்கில். 'நீ பேசிப் பேசியே பொழுதைப் போக்குகிறாய்' என்கிறார் அண்ணன். என் மனைவியோ இனி யார் வந்தாலும் வெளியே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் நன்றாக வருகிறது, வீடுதான் இப்படி இருக்கிறது.

தம்பி, வந்த கடிதங்களில் பாதிக்குமேல் உங்கள் கடிதம்தான், உறவு முறை மட்டும் மாறுகிறது. அம்மா மகள், மாமனார் மருமகள், அண்ணன் தங்கை. கூட்டம் வராமல் மூடுவது ஒரு வகை என்றால், கூட்டம் வந்து வீட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்று மூடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதைப் பற்றி யாரும் வெளியே சொல்வதில்லை.

உங்கள் மனைவியிலிருந்து ஆரம்பிக்கலாம். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை, 'வருகிறவர்களைப் பார்க்கிறோம்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செய்வதை நேரம் போட்டு எழுதிப் பாருங்கள். சமைப்பது, படுக்கை விரிப்பு துவைப்பது, யாரோ ஒருவரின் குழந்தைக்கு மாற்றுத் துணி தேடுவது, வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து 'பழைய வீடா, அழகாக இருக்கே' என்று எட்டிப் பார்ப்பவரிடம் சிரித்துவைப்பது. இந்தச் சிரிப்புக்குத் தனியாகச் சம்பளமே கொடுக்கலாம் என்பேன். இவ்வளவுக்கும் அவர் கைக்கு நேராக ஒன்றும் வருவதில்லை, பொதுக் கணக்கில் போய் விழுகிறது. அவர் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்கிறீர்கள். இத்தனை நாள் நின்றாரே என்று நினைக்கிறேன்.

இரண்டு கணக்கு வையுங்கள். விவசாயத்துக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. பண்ணையில் விளைந்த காய்கறி விருந்தினர் சமையலுக்குப் போனாலும், சந்தையில் விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையை விருந்தினர் கணக்கிலிருந்து விவசாயக் கணக்குக்கு மாற்றி எழுதுங்கள். அதிகப்படியாகத் தெரியும், ஆனால் அண்ணன் தம்பிச் சண்டையில் முக்கால்வாசி, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வருவதுதான். அப்புறம், லாபத்தைப் பிரிப்பதற்கு முன்னால் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் மாதச் சம்பளம். அண்ணனுக்கு, உங்களுக்கு, உங்கள் மனைவிக்கு, அண்ணிக்கும் வேலை இருந்தால் அவருக்கும். நிலத்தில் உரிமை இருப்பது வேறு, வேலைக்குக் கூலி வாங்குவது வேறு. சம்பளம் போக மிச்சம் இருந்தால் அதை உரிமைப்படி பிரியுங்கள். மிச்சமே இல்லை என்றால், இவ்வளவு நாளும் கூலி கொடுக்காததுதான் லாபமாகத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். விலையை ஏற்றுங்கள் அல்லது நாட்களைக் குறையுங்கள்.

அண்ணன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. வெயிலில் குனிந்து நிமிர்கிறவருக்கு, நிழலில் நின்று பேசுகிறவன் வேலை செய்வதாகத் தோன்றாது. அறுவடை சமயத்தில் புக்கிங்கை நிறுத்திவிட்டு நீங்கள் நிலத்தில் இறங்குங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க அவரை வந்தவர்களோடு விடுங்கள், கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டினால் அவருக்கும் புரியும்.

வீட்டு வாசலுக்கு ஒரு கயிறோ கதவோ போடுங்கள். இதற்கு மேல் வீடு, உள்ளே வராதீர்கள் என்று பலகை. வாரத்தில் ஒரு நாள், எவ்வளவு பெரிய குழு கேட்டாலும், கிடையாது. மனைவி மறுபடி வெளியே வருவாரா என்பது அவர் இஷ்டம். வராவிட்டால் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள், அந்தச் சம்பளத்தைப் பார்த்ததும் அவர் செய்ததன் மதிப்பு உங்கள் அண்ணனுக்கும் தெரியும்.

கேள்வி: எனக்குக் கூச்ச சுபாவம். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் இந்தத் தொழிலுக்குச் சரிப்படுவேனா?

சரிப்படுவீர்கள். நின்று பேச வேண்டியதில்லை, வேலையைச் செய்துகொண்டே பேசுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாக வரும். கம்போஸ்ட் குவியல் இருக்கிறதா? ஆட்கள் வருவதற்கு முன்பே ஒரு நீளமான இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகிவையுங்கள். வந்ததும் ஒன்றும் சொல்லாமல் உருவி, நுனிக்குச் சற்று மேலே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், மெதுவாக என்று மட்டும் எச்சரியுங்கள். நன்றாக வேலை செய்யும் குவியலின் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும், கை வெடுக்கென்று பின்னால் வரும். 'அடுப்பே இல்லாமல் எப்படி?' என்று அவர்களே கேட்பார்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இலை தழையைத் தின்று சிதைக்கும்போது வரும் சூடு இது, களை விதையும் இதில்தான் சாகிறது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். அதன் பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருக்கும், உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்விகள்தான். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள், விருந்தினருக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. கூச்சம் முழுக்கப் போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை, அதிகம் பேசாத விவசாயியை ஆட்கள் அதிகம் நம்புகிறார்கள் என்பது நான் பார்த்தது.

கேள்வி: குழந்தைகள் ஆட்டையும் கன்றையும் தொட ஆசைப்படுகிறார்கள். விடலாமா? சானிடைசர் வைத்திருக்கிறோம்.

விடலாம், சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். 2009-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு பண்ணைக்குப் போய்வந்ததிலிருந்து பரவிய ஈ.கோலை ஓ157 தொற்று 93 பேரைப் பாதித்தது, பெரும்பாலோர் குழந்தைகள். ஆடு மாடுகள் பார்க்க ஆரோக்கியமாக இருக்கும், சாணத்தில் கிருமி இருக்கும். சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு கிருமி, ஆல்கஹால் ஜெல்லுக்கு அசையவே அசையாது. தொழுவத்தை விட்டு வெளியே வரும் வழியிலேயே குழந்தை உயரத்துக்குக் குழாய் வையுங்கள், சாப்பிடும் இடத்தைத் தள்ளி வையுங்கள், கை கழுவாமல் குழாயைத் தாண்ட முடியாதபடி பாதை இருக்கட்டும். கர்ப்பிணிகளைக் குட்டி போடும் ஆட்டின் அருகே விடக்கூடாது. பொறுப்புக் காப்பீடு, அதாவது வந்தவருக்கு ஏதாவது ஆனால் ஈடு கொடுக்கும் காப்பீடு, இல்லாமல் ஒரு குழுவையும் உள்ளே விடாதீர்கள், சாதாரண விவசாயக் காப்பீடு இதற்குச் செல்லுமா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒருவர் இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து 'ஈ மொய்க்கிறது, சாண நாற்றம்' என்று எழுதிவிட்டார். தூக்கமே வரவில்லை.

தொழுவம் இருக்கும் பண்ணை, சாணம் மணக்கும் என்று இரண்டு வரியில் பணிவாகப் பதில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஈ சாப்பாட்டு இடத்தில் மொய்த்தது என்றால் மட்டும் நாளைக் காலையே அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: நிலத்தை அடமானம் வைத்து நாலு காட்டேஜ் கட்டலாம் என்றிருக்கிறோம். இப்போது பகலில் மட்டும் ஆட்கள் வருகிறார்கள்.

வேண்டாம், இப்போதைக்கு. இந்தத் தொழிலில் வருமானம் ஒரே நாளில் நின்று போகக் காரணங்கள் நிறைய உண்டு. 2001-ல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது கிராமப்புற நடைபாதைகளையே மூடிவிட்டார்கள், நோயே வராத பண்ணைகளிலும் ஆள் வரத்து நின்றது. அப்படி ஒரு மாதம் வந்தாலும் வட்டி நிற்காது, நிலம்தான் போகும். ஒரு அறையைச் சரிசெய்து, ஒரு முழு வருஷம், மழையும் வெயிலும் சேர்த்து, எத்தனை இரவு நிரம்புகிறது என்று பாருங்கள். அந்தப் பணத்திலிருந்து இரண்டாவது அறை. அதற்கும் முன்னால், பகலில் வருபவர்களுக்கு நல்ல கழிப்பறை, உட்கார நிழல், வண்டி சேற்றில் சிக்காமல் நிறுத்த இடம் மூன்றும் இருக்கிறதா என்று எழுதுங்கள், கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.