ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ் மட்டும் பந்து வீசிய மரியானோ ரிவேராவை ஏன் பேஸ்பால் உலகம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது?

கேள்வி கேட்டவர் 652 சேவ் என்ற எண்ணைக் குறிப்பிட்டு, 'ஆட்டம் முடியும் தறுவாயில் வந்து பத்துப் பதினைந்து பந்து போட்டுவிட்டுப் போகிறவர் எப்படி ஜாம்பவான் ஆவார்?' என்று கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். அந்த 652-ஐ நானும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் ரிவேராவை மதிக்கிறேன், அதற்குக் காரணங்கள் வேறு.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து வீச்சாளர், சுமார் நூறு பந்து வீசியதும் தோள் தளர்ந்துவிடும். அதன் பிறகு மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் புல்பென் என்ற பயிற்சி இடத்திலிருந்து ரிலீஃப் பிட்சர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். கிரிக்கெட்டில் ஒரு பந்து வீச்சாளர் அடி வாங்கினால் ஓவரை முடித்துவிட்டுச் சற்று நேரம் பவுண்டரி அருகே நின்று, பிறகு திரும்பி வரலாம். இங்கே வெளியே எடுக்கப்பட்டவருக்கு அந்த ஆட்டத்தில் மறுவாய்ப்பு கிடையாது. கடைசி இன்னிங்ஸைக் காப்பாற்ற வருபவரைக் குளோசர் என்பார்கள்.

இப்போது சேவ். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் உருவாக்கிய கணக்கு இது. 1969 முதல் அதிகாரப்பூர்வமானது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: மூன்று ஓட்டங்களுக்கு மிகாத முன்னிலையோடு குளோசர் உள்ளே வருவார், ஒரு முழு இன்னிங்ஸ் வீசுவார், முன்னிலை போகாமல் ஆட்டத்தை முடிப்பார், கணக்கில் ஒரு சேவ் ஏறும். ஓட்டையைக் கவனியுங்கள். மூன்று ஓட்ட முன்னிலையில் வந்து இரண்டை விட்டுக்கொடுத்து, வியர்த்து விறுவிறுத்து முடித்தாலும் சேவ் உண்டு. ஏழாவது இன்னிங்ஸில், ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய மூன்று தளங்களிலும் எதிரணி ஆட்டக்காரர்கள் நிற்கும்போது வந்து, ஓர் ஓட்டமும் விடாமல் தப்பித்தவருக்கு அது கிடையாது. இரண்டாமவர் செய்ததே கடினமான வேலை என்பது ஆட்டத்தைப் பார்க்கும் யாருக்கும் தெரியும். சம்பளம் மட்டும் பல ஆண்டுகள் முதலாமவருக்கே கூடுதலாகப் போனது.

அதனால்தான் ரிவேராவைப் பற்றிக் கேட்பவர்களை 1996-ஆம் ஆண்டுக்குப் போகச் சொல்கிறேன். அந்த ஆண்டு அவர் குளோசரே அல்ல. நியூயார்க் யாங்கீஸ் அணியில் அந்த வேலை ஜான் வெட்டலண்டிடம் இருந்தது. ரிவேரா அவருக்கு முன்னால் வந்து, ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களை அடைத்தார். 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 பேரை ஸ்டிரைக் அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவிடாமல் பேட்டரை வெளியேற்றுவது) செய்தார். சேவ் எத்தனை? வெறும் ஐந்து. அப்படியிருந்தும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். யாங்கீஸை எதிர்த்து ஆடியவர்களுக்கு ஆறு இன்னிங்ஸோடு ஆட்டம் முடிந்துவிட்டது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருவம் தொடங்கும் முன்பு ஃபெலிக்ஸ் ஃபெர்மின் என்ற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர்) ஆட்டக்காரருக்காக ரிவேராவைச் சியாட்டிலுக்குக் கொடுத்துவிடலாமா என்று யாங்கீஸ் நிர்வாகம் யோசித்தது. யாரோ தடுத்தார்கள், அணி பிழைத்தது.

அவர் அங்கே வந்து சேர்ந்த கதையே நம்ப முடியாத ஒன்று. பனாமாவில் புவெர்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊர். அப்பா மீன்பிடிப் படகின் கேப்டன். மகனும் அதில் வேலை செய்தார். பால் அட்டைப்பெட்டியில் செய்த கையுறை, மரக்கிளை மட்டை, பழைய மீன்வலையைச் சுருட்டி டேப் ஒட்டிய பந்து என்றுதான் விளையாட்டு தொடங்கியது. உள்ளூர் அணியில் அவர் பிட்சர்கூட இல்லை, ஷார்ட்ஸ்டாப். ஒரு நாள் அணியின் பிட்சர் மோசமாக வீச, தான் வீசிப் பார்ப்பதாகச் சொல்லி முன்வந்தார். 1990-இல் யாங்கீஸ் ஒப்பந்தம் செய்தது. கொடுத்த பணம் 2,500 டாலர். பிறகு முழங்கையில் அறுவை சிகிச்சை. 1995-இல் பெரிய லீகில் தொடக்க பிட்சராக இறங்கி அடி வாங்கினார். ரிலீஃப் பிட்சர்களில் பாதிப் பேரின் வரலாறு இப்படித்தான்: தொடக்க இடத்தில் நிலைக்க முடியாதவர்கள் புல்பென்னுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

1997-இல் குளோசர் ஆனார். அதே ஆண்டு ஜூனில் சக வீரர் ரமிரோ மெண்டோசாவுடன் சும்மா பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, பந்து கடைசி நேரத்தில் தானாக விலகுவதை இருவரும் கவனித்தார்கள். மெண்டோசா எரிச்சலாகி, நேராக எறியச் சொன்னார். பயிற்சியாளரோடு சேர்ந்து அதை நேராக்க முயன்றும் முடியவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் கட்டர். விரல்களை நடுவிலிருந்து சற்றே நகர்த்திப் பிடித்து, நடுவிரலால் அழுத்தி விடுவார். வேகம் மணிக்கு 90 மைலுக்கு மேல். கையிலிருந்து நேராக வரும் பந்து, பேட்டர் மட்டையைச் சுழற்றத் தொடங்கிய பிறகு சில அங்குலம் விலகும். இடக்கை பேட்டராக இருந்தால் அது அவர் கையை நோக்கி வரும். மட்டையின் தடித்த பகுதிக்குப் பதிலாக மெலிந்த பிடியில் படும். மட்டை மரம், முறிந்துவிடும். 1999 உலகத் தொடரில் (ஆண்டுப் பட்டத்துக்கான இறுதித் தொடர்) அட்லாண்டாவின் ரயன் கிளெஸ்கோ ஒரே முறை பேட் செய்ய வந்து மூன்று மட்டைகளை உடைத்துக்கொண்டார். அவருடைய அணித்தோழர்களே உட்கார்ந்து சிரித்தார்கள். இரண்டு பக்கமும் பேட் செய்யத் தெரிந்தவர்கள் சிலர், வழக்கப்படி இடது பக்கம் நிற்காமல் வலது பக்கம் நின்று பார்த்தார்கள். என்ன வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியவில்லை.

நான் நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது அலுவலகத்தில் யாங்கீஸ் ரசிகர்கள் அதிகம். எட்டாவது இன்னிங்ஸ் முன்னிலையோடு முடிந்தால் சிலர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் தோற்ற ஆட்டங்கள்தான் அந்த வேலையின் முழு முகத்தையும் காட்டுகின்றன.

2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், அரிசோனாவில். யாங்கீஸ் 2-1 முன்னிலை. ரிவேரா எட்டாவதிலேயே வந்து மூன்று பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். அவர்களில் ஒருவர் லூயிஸ் கொன்சாலெஸ். ஒன்பதாவதில் முதல் ஆள் அடித்து முதல் தளத்தை எட்டினார். அடுத்தவர் மெதுவாகத் தட்டிய பந்தை ரிவேராவே எடுத்து இரண்டாம் தளத்துக்கு எறிந்தார், எறி தவறியது. டோனி வோமாக் அடித்த அடியில் ஆட்டம் சமன். அடுத்தவர் மேல் பந்து பட்டதால் அவருக்கும் ஒரு தளம் கிடைத்தது. மூன்று தளங்களும் நிறைந்தன. ஓர் ஓட்டம் போனாலும் தோல்வி என்பதால் தளங்களுக்கு அருகே நிற்கும் உள்வட்ட ஆட்டக்காரர்கள் முன்னால் வந்து நின்றார்கள். மீண்டும் கொன்சாலெஸ். கட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்தது, மட்டை உடைந்தது. வலுவில்லாத அந்தப் பந்து, வழக்கமான இடத்தில் ஷார்ட்ஸ்டாப் நின்றிருந்தால் கைக்குள் விழுந்திருக்கும். அவர் தலைக்கு மேலே தாண்டிப் புல்லில் விழுந்தது. அதோடு தொடர் முடிந்தது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. யாங்கீஸ் வென்றிருந்தால் வெற்றி ஊர்வலம் நடந்திருக்கும். என்ரிகே வில்சன் என்ற சக வீரர் அது முடிந்து நவம்பர் 12 அன்று டொமினிக்கன் குடியரசுக்குப் பறப்பதாக இருந்தார். தோற்றதால் முன்கூட்டியே போய்விட்டார். அவர் ஏற வேண்டிய விமானம் நியூயார்க்கில் விழுந்து நொறுங்கி, அதில் இருந்த 260 பேரும் இறந்தார்கள். தோற்றதே நல்லது, நண்பன் மிஞ்சினான் என்றார் ரிவேரா.

2004-இல் பாஸ்டனுக்கு எதிராகவும் வெற்றி கைநழுவியது. மறு ஆண்டு பாஸ்டன் ரசிகர்கள் கேலியாக எழுந்து நின்று கைதட்டியபோது அவரும் சேர்ந்து சிரித்தார். 2012-இல் பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. 42 வயது, எல்லோரும் முடிந்தது என்றார்கள். அடுத்த பருவம் திரும்பி வந்து 44 சேவ் எடுத்துவிட்டே ஓய்வுபெற்றார்.

பருவத்தின் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் மொத்தம் 141 இன்னிங்ஸ், அவர் கணக்கில் சேர்ந்த ஓட்டங்கள் 11. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 0.70. வழக்கமான பருவத்தில் அவருடைய சராசரி 2.21, பிளேஆஃப் நடக்கும், எதிரணிகள் பலமாகும் அக்டோபரில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. எனக்கு இந்த ஒரு வரி போதும்.

2019-இல் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் 425 பத்திரிகையாளர்களும் அவருக்கு வாக்களித்தார்கள். பேப் ரூத் உட்பட அதுவரை யாருக்கும் ஒருமித்த தேர்வு அமைந்ததில்லை. அந்த ஜூலையில், ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் ஊரின் மேடையில் இன்னொரு ரிலீஃப் பிட்சரும் இருந்தார்: லீ ஸ்மித், 478 சேவ், ஓய்வுபெற்றபோது அதுவே சாதனை. அதே பத்திரிகையாளர் சங்கம் அவரை 15 ஆண்டு வாக்குச்சீட்டில் வைத்திருந்து நிராகரித்தது. தனிக்குழு ஒன்றுதான் பிறகு உள்ளே கொண்டுவந்தது. சேவ் எண்ணிக்கைதான் அவர்களுக்கு அளவுகோல் என்றால் ஸ்மித் எப்போதோ போயிருப்பார்.