மிச்ச நேரத்தில் படிக்க முடியாது

கேள்வி: பொதுத்துறை வங்கிக் கிளையில் அதிகாரியாக இருக்கிறேன். வயது 31. காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டரை. இன்சூரன்ஸ் டார்கெட் கேட்டுத் தினமும் போன் வருகிறது. வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வை இரண்டு முறை எழுதியும் கணக்குத் தாள் மட்டும் நிற்கிறது. ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது. படுத்தால் தூக்கம் வரவில்லை. நான் முன்னேறவே மாட்டேனா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நானும் வங்கியில் இருந்தவள்தான். ஒருநாள் கேஷில் 500 ரூபாய் குறைந்தது. எல்லாக் கட்டுகளையும் பிரித்து எண்ணினோம். கடைசியில் பார்த்தால், 1,450 ரூபாய் வாங்கிய சலானை 1,950 என்று பதிந்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை விரித்தேன்; ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் ஒன்றும் ஏறவில்லை. நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டிய மூளைக்கு அந்த நேரத்தில் அவ்வளவுதான் முடியும். அதை வைத்து உங்களை நீங்களே மட்டம் தட்டிக்கொள்ளாதீர்கள்.

படிப்பைக் காலைக்கு மாற்றுங்கள். ஐந்தேகாலிலிருந்து ஆறு மணி வரை போதும். அதற்காக ராத்திரி புத்தகத்தைத் தொடாமல் சீக்கிரம் படுத்துவிடுங்கள். பாஸான மூன்று தாள்களை, கால வரம்புக்குள் முடித்தால், மறுபடி எழுத வேண்டியதில்லை. மிச்சம் ஒரே தாள், அதில் நூற்றுக்கு 50 எடுத்தால் போதும்.

இன்னொன்று, அந்தத் தாள் உங்கள் மேசையிலேயே கிடக்கிறது. மளிகைக்கடைக்காரர் கேஷ் கிரெடிட் (தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் வியாபாரக் கடன்) லிமிட் கேட்டுப் பேலன்ஸ் ஷீட் கொண்டுவருகிறார் அல்லவா? கரண்ட் ரேஷியோவை, அதாவது நடப்புச் சொத்துகளை நடப்புக் கடன்களால் வகுத்து வரும் விகிதத்தை, கம்ப்யூட்டர் காட்டும் முன் நீங்களே ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பாருங்கள். நகராட்சி ஊழியர் ஒருவர் வீட்டுக்கடன் கேட்டால், இஎம்ஐயைக் கால்குலேட்டரில் ஒருமுறை கணக்கிடுங்கள். எனக்குக் கணக்குப் பிடிபட்டதே இப்படித்தான்.

டார்கெட் போன் விஷயத்தில், திங்கள் காலையிலேயே மேலாளரிடம் பேசி, அந்த வாரம் உங்களால் முடிந்த எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஆனால் கடன் கேட்டு வந்தவர் தலையில் பாலிசியைக் கட்டாதீர்கள். தூக்கத்தைக் கெடுப்பதில் அந்த உறுத்தலுக்கும் பெரிய பங்கு உண்டு. என் அனுபவத்தில் வேலைப்பளுவைவிட அதுதான் அதிகம் அரித்தது.

வேலை அழுத்தத்தால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனமே 2019இல் வரையறுத்திருக்கிறது. ஆகவே 'மனசுக்குத் தைரியம் இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சரி, முதல் வாரம் தேய்மானப் பாடத்தை மட்டும் எடுங்கள். இரண்டாவது சனிக்கிழமை விடுமுறைதானே, அன்று மட்டும் அலாரம் வைக்காமல் தூங்குங்கள்.