தங்கை வளர்வதை என்னால் தாங்க முடியவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பின் கல்லடியில் வசிக்கும், உயர்தரம் படிக்கும் 17 வயது மாணவன். பௌர்ணமி இரவுகளில் அப்பா எங்களைத் தோணியில் வாவிக்கு அழைத்துச் செல்வார். துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக்கொண்டு, மீன் பாடுவது தனக்கு மட்டும் கேட்கிறதென்று என் தங்கை சாதிப்பாள். அவளுக்கு இப்போது 11 வயது. சென்ற மாதம் பெரியபிள்ளையானாள். சடங்கன்று மணப்பெண்ணைப் போல அலங்கரித்து, படம் பிடிக்க வந்தவர் சொன்னபடியெல்லாம் நிற்கவைத்தார்கள். இந்தப் பௌர்ணமிக்கு நான் அழைத்தபோது, "அது சும்மா கதை அண்ணா" என்று கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னாள். அன்று முதல் எனக்குச் சரியான உறக்கமில்லை.

ஜே. டி. சலிஞ்சரின் 'த கச்சர் இன் த றை' என்ற, 1951 இல் வெளிவந்த நாவலை எங்கள் ஆங்கில ஆசிரியை வாசிக்கத் தந்திருந்தார். தானிய வயலில் விளையாடும் சிறுவர்கள் பாறை விளிம்பிலிருந்து விழாதபடி பிடித்துக்கொள்பவனாக இருக்க விரும்பும் ஹோல்டன், என்னைப் போலவே யோசிக்கிறான். மூன்று வருடங்களுக்கு முன் 12 வயதில் டெங்குக் காய்ச்சலால் இறந்த தம்பியின் கிரிக்கெட் மட்டையை, பிடியில் அவன் சுற்றிய சைக்கிள் டியூப்புடன் நான் அப்படியே வைத்திருக்கிறேன்; தங்கையைக்கூடத் தொடவிட்டதில்லை. அவள் சிறுமியாகவே இருக்க வேண்டுமென்று ஆசைப்படுவது பிழையா?

அன்புள்ள தம்பிக்கு,

ஆசையில் பிழையில்லை. ஆனால் மட்டையைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஹோல்டனிடமும் அப்படியொரு பொருள் இருக்கிறது: இரத்தப் புற்றுநோயால் இறந்த தம்பி பச்சை மையில் கவிதைகள் எழுதிவைத்த பேஸ்போல் கையுறை. அந்தத் தம்பி இறந்த இரவில் வாகனக் கொட்டகையின் கண்ணாடிகளை வெறுங்கையால் குத்தி உடைத்தபோது ஹோல்டனுக்கு வயது 13. அவனால் பிடிக்க முடியாமல் போனது அந்த ஒரு பிள்ளையைத்தான் என்றும், வயல் நிறைந்த சிறுவர்கள் அதன் பிறகு அவன் மனத்தில் வந்து சேர்ந்தவர்கள் என்றும் நான் எண்ணுகிறேன். அந்த வயலே ஒரு பாடல் வரியை அவன் பிழையாக நினைவில் வைத்திருந்ததால் தோன்றியது. 'சந்தித்தால்' என்பதை 'பிடித்தால்' என்று நினைத்திருந்தான். அதைத் திருத்துபவள் அவனுடைய பத்து வயதுத் தங்கை பீபி. (தங்கைமார் திருத்தத்தான் செய்வார்கள், உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.)

உங்கள் தம்பி இறந்த வயதை உங்கள் தங்கை இப்போது நெருங்குகிறாள். உங்கள் உறக்கத்தைக் கெடுப்பது சடங்கோ கைபேசியோ அல்ல, இந்தக் கணக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. சடங்கில் அவளை மணப்பெண்ணாக்கியது குறித்த உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. ஆயினும் அது அவளுக்குப் பிடித்திருந்ததா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. எட்டு வயதில் அவளும் ஓர் அண்ணனை இழந்தவள்தானே.

நாவலின் இறுதிப் பகுதியில் குதிரை ராட்டினத்தில் சுற்றும் பீபி, தங்க வளையத்தை எட்டிப்பிடிக்க முயல்கிறாள். விழுந்துவிடுவாளோ என்று அஞ்சினாலும் ஹோல்டன் தடுப்பதில்லை. மழையில் நனைந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

உறக்கமின்மை நீடித்தால் பாடசாலை ஆலோசனை ஆசிரியரிடம் பேசுங்கள். தேசிய மனநல உதவி எண்ணான 1926 ஐயும் அழைக்கலாம். அதற்கு முன்னதாக, ஒரு மாலையில் மட்டையை வெளியே எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்து, தம்பியைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். பிடியிலுள்ள பழைய டியூப்பைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சுற்றித் தரும்படி அவள் கேட்கவும்கூடும்.